சூளையும் சூத்திரமும்

விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஒருபுறம் சேலத்துக்கும் மறுபுறம் கடலூருக்கும் கிளை பிரியும் சந்திப்பாக நிற்கிறது விருத்தாசலம். முதுகுன்றம் என்பது அவ்வூருக்குத் தமிழர் இட்ட பெயர். 'முது' என்பதை 'விருத்த' என்றும், 'குன்றம்' என்பதை 'அசலம்' என்றும் மாற்றி, வடமொழிச் சட்டையை மாட்டிவிட்டனர் பின்வந்தோர். பெயர் மாறிற்று, மண் மாறவில்லை. அந்த வட்டாரத்துக் களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, சூளையில் வேகவைத்துப் பிழைக்கும் உழைப்பாளரின் ஊர் அது.

கோயிலைக் காண அவ்வூருக்குச் செல்வோர் பலர். நாமோ, சூளையைக் காண அழைக்கிறோம். கணிப்பொறி உலகில் இன்று நடைபெறும் பெரியதொரு வழக்குக்கு, அந்தச் சூளையின் வாயிலிலேயே தீர்ப்புக் கிடைக்கிறது என்பது நம் எண்ணம். ஒரு தொழிலின் சூத்திரம் யாருக்குச் சொந்தம்? கண்டவனுக்கா? காசு கொடுத்தவனுக்கா? கற்க விரும்பும் அனைவருக்குமா? இதுவே வழக்கு.

பூட்டி வைத்த மண்

பீங்கான் செய்யும் கலையைப் பல நூற்றாண்டுகள் கீழ்த்திசை நாடுகளே அறிந்திருந்தன. சீனத்திலிருந்து கப்பலேறி வந்த கிண்ணங்களை ஐரோப்பிய மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். வாங்கத் தெரிந்தது, செய்யத் தெரியவில்லை. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னன், 'இரும்பைப் பொன்னாக்குவேன்' என்று வாய்வீரம் பேசிய பாட்கர் என்னும் இளைஞனைப் பிடித்துக் காவலில் வைத்தான். பொன் பிறக்கவில்லை. ஆனால், சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் துணையோடு நடந்த ஆய்வில், 1708ஆம் ஆண்டையொட்டிப் பீங்கான் பிறந்தது. 1710இல் மைசன் நகரத்துக் கோட்டைக்குள் ஆலை எழுந்தது.

ஆலைக்குக் கோட்டை எதற்கு? மண்ணைத் திருடுவர் என்றா? அன்று, மண்ணைக் கலக்கும் மருமத்தைத் திருடுவர் என்று! கண்டறிந்தவனே கைதியானான். 1714இல்தான் அவனுக்கு விடுதலை கிடைத்தது. 1719இல், 37ஆம் வயதில், உடல் நலிந்து மாண்டான். அதே 1719இல் மைசன் ஆலைத் தொழிலாளி ஒருவன் மருமத்தை மனத்தில் சுமந்துகொண்டு வியன்னா ஆலைக்கு ஓடிவிட்டான். அதற்கும் ஏழாண்டுகள் முன்னே, 1712இல், சீனத்துச் சிங்தேசென் நகரின் சூளைகளை நேரில் கண்ட தந்திரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், செய்முறையை விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பிவிட்டார். மதிலும் காவலும் மனிதனைத்தான் வாட்டின; மருமத்தைக் காக்கவில்லை.

நம் நாட்டிலோ, கோட்டை கட்டும் செலவுகூட வேண்டியிருக்கவில்லை. சாதி என்ற மதில் இருந்ததே! மண்ணைப் பிசைந்த கை ஏட்டைத் தொடலாகாது. ஏட்டைத் தொட்ட கை மண்ணைப் பிசையலாகாது. கைத்திறன் ஒரு தெருவில் முடங்கியது. எழுத்தறிவு வேறொரு தெருவில் முடங்கியது. இரண்டும் சந்திக்கவில்லை. சூத்திரம் ஒரு சாராரிடம்; சூத்திரன் என்ற இழிபட்டம் மற்றவரிடம்! கை அறிந்ததை எழுதி வைக்கவும், எழுதியதைக் கை சோதிக்கவும் வழியற்ற நாட்டில் தொழில் எங்ஙனம் வளரும்?

அந்த மதிலில் ஒரு வாயிலைத் திறந்தது விருத்தாசலம். அரசு அங்கே பீங்கான் தொழிற்பேட்டையை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கப் பயிலகம் ஒன்றையும் அமைத்தது. எக்குலத்தில் பிறந்த பிள்ளையும் அங்கே அமர்ந்து, களிமண்ணோடு பெல்ஸ்பாரும் குவார்ட்சும் என்ன அளவில் சேரவேண்டும், எத்தனை டிகிரி வெப்பத்தில் வேகவேண்டும், மெருகுப் பூச்சு ஏன் வெடிக்கிறது என்பவற்றைப் பாடமாகப் படிக்கலாம். ஒரு காலத்தில் மன்னன் கோட்டைக்குள் பூட்டிய மருமம், முதுகுன்றத்தில் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டது! இதைவிடப் பெரிய புரட்சி வேறு வேண்டுமோ?

பியூஸ் கட்டை சொல்லும் பாடம்

அவ்வூர்ப் பட்டறைகளில் பொம்மைகளும் அகல்களும் செய்தனர்; மின்கம்பத்துக்கும் வீட்டு மின்பலகைக்கும் வேண்டிய பீங்கான் பொருள்களும் செய்தனர். பியூஸ் கட்டையை அறியாத தமிழ் வீடு இல்லை. இன்று பல வீடுகளில் அதன் இடத்தை விசைப்பொறிகள் பிடித்துக்கொண்டன. எனினும், இருளில் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அக்கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றிய நினைவு நம்மில் பலருக்கு உண்டு.

அந்தக் கட்டையில் ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது. சுவரில் பதிந்த அடிக்கட்டையை ஒரு பட்டறை செய்திருக்கும். அதில் செருகும் மேல்கட்டையை வேறொரு பட்டறை செய்திருக்கும். இரண்டும் பொருந்தவேண்டும். களிமண்ணோ, காயும்போது சுருங்கும். வேகும்போது மீண்டும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்தால்தான், சூளையிலிருந்து வெளிவரும் கட்டை குறித்த அளவில் நிற்கும். ஒவ்வொரு பட்டறையும் 'என் அளவே அளவு' என்று பிடிவாதம் செய்தால், ஊர் இருளில் கிடக்கும். ஆகவே, தொழில் வளர இரண்டு வேண்டும். சூத்திரம் திறந்திருக்கவேண்டும், அளவு பொதுவாக இருக்கவேண்டும். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கணிப்பொறியின் பக்கம் திரும்புவோம்.

நிரல் என்னும் சூத்திரம்

கணிப்பொறி தானாக எதையும் அறியாது. 'இதைச் செய், பின் அதைச் செய்' என்று மனிதன் வரிசையாக எழுதித் தரும் கட்டளையே நிரல். மனிதன் படித்தறியத்தக்க வடிவில் எழுதப்பட்டது மூலநிரல். அதைப் பொறிக்கு மட்டும் புரியும் வடிவாக மாற்றி விற்கும்போது, சுட்ட பானை கைக்கு வருகிறது. கலவையின் கணக்கு வருவதில்லை.

1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில், அச்சுப்பொறி ஒன்று தாளைச் சிக்கவைத்துக்கொண்டு அடிக்கடி நின்றுபோயிற்று. அங்கே பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன், நின்றுபோனால் உடனே செய்தி சொல்லும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார். முன்பிருந்த பொறியில் அவ்வாறே செய்திருந்தார். புதிய பொறிக்கு மூலநிரல் வரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டார். 'எவருக்கும் தருவதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன்' என்பதே விடையாயிற்று. மைசன் கோட்டை மீண்டும் எழுந்துவிட்டது. இம்முறை கல்லால் அன்று, கையெழுத்தால்! 1983இல் ஸ்டால்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள நிரல்களைப் படைக்கும் இயக்கத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அவ்வழியில் உலகெங்கும் கிளைத்தது.

தமிழனுக்கு இதில் என்ன என்று கேட்பார் உளர். நம் எழுத்தின் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

எழுத்தும் திருத்தத்துக்கு உரியதே

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த அவர், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் மயங்கி நிற்பதைக் கண்டு, நெட்டெழுத்துக்குத் தனி அடையாளம் அமைத்த சீர்திருத்தத்துக்கு உரியவராகப் போற்றப்படுகிறார். 1935இல் பெரியார், ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளை ஒரே முறையில் எழுதத் துணிந்து, தம் ஏட்டிலேயே நடைமுறைப்படுத்தினார். 'எழுத்தைத் தொட்டால் மொழி சாகும்' என்றனர் பழமையாளர். மொழி சாகவில்லை. பெரியாரின் நூற்றாண்டையொட்டி, 1978இல் தமிழ்நாடு அரசு அத்திருத்தத்தை ஆணையாக்கிற்று. எழுத்து மனிதன் செய்த கருவி. கருவியைப் பயன்படுத்துவோர் அதைத் திருத்தலாம் என்பதே இவற்றின் பாடம்.

கணிப்பொறியில் தமிழ் ஏறியபோது அப்பாடம் மீண்டும் சோதனைக்கு வந்தது. 1980களில், கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியையும் படைத்தனர். 1990களில், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம், 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி விலையின்றி வழங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றினார். எண்ணிப் பாருங்கள்: ஒருவர் வேதியியலார், ஒருவர் ஆசிரியர். நிரல் எழுதுவதைக் குலத்தொழிலாகப் பெற்று வந்தவர் எவருமில்லை. வேண்டுமென்று கற்றனர்; கற்றதைக் கொடுத்தனர்.

ஆனால், பியூஸ் கட்டையின் சிக்கல் இங்கேயும் தலைகாட்டிற்று. ஒருவர் 'அ' என்ற எழுத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார். மற்றொருவர் அதற்கு வேறோர் எண்ணைக் கொடுத்தார். ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாதவர் திரையில் புரியாத குறிகளின் குப்பையாகக் கொட்டிற்று. ஒவ்வொரு தளத்தையும் படிக்க ஒவ்வோர் எழுத்துருவை இறக்கவேண்டிய நிலை. தமிழைத் தமிழன் படிக்கத் தரகன் தேவைப்பட்டான்!

இதைத் தீர்க்கப் பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர், மின்னஞ்சல் வழியே கூடி வாதிட்டு, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகளும் அரசின் ஒப்புதல் பெற்றன. 2000த்தில் உத்தமம் அமைப்புத் தோன்றிற்று. சண்டை இல்லாமலா இவை நடந்தன? கடுஞ்சண்டை நடந்தது! ஆனால் சண்டை திறந்தவெளியில் நடந்தது. காரணம் கேட்கவும் மறுக்கவும் எவருக்கும் உரிமை இருந்தது. ஆகவே விளைவும் பொதுச்சொத்தாயிற்று.

காலி நாற்காலிகள்

நாம் இல்லாத அவையில் நம் எழுத்துக்கு அளவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1991இல் வெளிவந்த யூனிகோடு, உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே குறியீடு என்னும் உயர்ந்த நோக்கம் உடையது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினர். அந்த வரிசை, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே வார்ப்பாக நடுவணரசு வகுத்த 'இஸ்கி' முறையைப் பின்பற்றியது. அதனால், 'க'வுக்கும் 'ங'வுக்கும் இடையே மூன்று இடங்கள் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன. தேவநாகரியில் அங்கே வர்க்க எழுத்துகள் அமர்ந்திருக்கின்றன. தமிழில் அமர எவருமில்லை. நம் வீட்டுப் பந்தியில் வராத விருந்தாளிக்கு இலை போட்டிருக்கிறார்கள்!

தமிழிலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும் என்கிறது. குறியீடோ, 'க'வை அடிப்படையாக வைத்து, அதன்மீது புள்ளியிட்டுக் 'க்' செய்கிறது. இதன் விலையைக் கணக்கிடுவோம். 'விருத்தாசலம்' என்பது ஏழெழுத்துச் சொல். கணிப்பொறியிலோ பன்னிரண்டு குறிகள். இணையத்தில் பெருவழக்கான சேமிப்பு முறையில் 36 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 பைட். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால், வழக்கமான முறையில் 70 குறிகளே அடங்கும். தாய்மொழியில் எழுதுபவன் கூடுதல் கட்டணம் செலுத்தும்படி ஆயிற்று.

யூனிகோட்டை நாம் பழிக்கவில்லை. அது வந்த பின்னரே, ஒருவர் எழுதியதை உலகின் எம்மூலையிலும் எவரும் படிக்கலாம் என்ற நிலை உறுதிப்பட்டது. ஆனால், ஒருமுறை இட்ட குறியை இடம் மாற்றுவதில்லை என்பது அதன் சட்டம். வார்ப்பு இறுகிவிட்டது. பிறகு விழித்தோம். தமிழ்நாடு அரசும் அவ்வமைப்பில் உறுப்பினராயிற்று. 2010இல் யூனிகோட்டோடு, தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் 'டேஸ்16' முறையையும் ஏற்றது. 2019இல், முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவுக்குறிகளுமாக 51 குறிகள் யூனிகோட்டில் புதிதாக இடம்பெற்றன. அவைக்குச் சென்றால் இடம் கிடைக்கும். செல்லாதிருந்தால் பிறர் வைத்த நாற்காலியில்தான் அமரவேண்டும்.

கேட்பவனைக் கேலி செய்யும் அவை

இவ்வளவும் சொன்ன பின், நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்வதே நேர்மை. சூத்திரத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? போதாது. வாயிலைத் திறந்துவிட்டு, உள்ளே வருபவனை ஏளனம் செய்தால், அது திறந்த வாயில் ஆகுமா?

நிரலர் கூடும் அவைகளில் இந்நோய் உண்டு. புதிதாகக் கற்கும் ஒருவன் தயங்கித் தயங்கி ஐயம் கேட்கிறான். 'இதுகூடத் தெரியாதா?' என்று ஒருவர். 'படித்துவிட்டு வா' என்று மற்றொருவர். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் அதற்கொரு சிரிப்பு. கேட்டவன் மறுநாள் வருவதில்லை. குலம் கேட்டு விரட்டியது பழைய அக்கிரகாரம். ஐயம் கேட்டதற்காக விரட்டுவது புதிய அக்கிரகாரம். இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

லினக்சைப் படைத்த டோர்வால்ட்சே, கடுஞ்சொல்லுக்குப் பெயர் போனவர். 2018இல் அவர் தம் சொற்கள் பிறரைப் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்து, சில காலம் ஒதுங்கியிருந்தார். அவ்வியக்கமும் புதிய நன்னடத்தை நெறியை வகுத்துக்கொண்டது. தலைவனே தவற்றை ஒப்பும் அவைதான் வளரும் அவை.

கொடுப்பவனைக் கசக்குவதும் அதே நோயின் மறுபக்கம். உலகின் எண்ணற்ற பொறிகளில் பயன்பட்ட 'எக்ஸ்-இசட்' என்னும் நிரலை, ஊதியமின்றி ஒருவரே பல்லாண்டு பேணிவந்தார். 'ஏன் தாமதம்?' என்று இணையத்தில் அவரை நெருக்கினர் சிலர். உதவிக்கு வந்தவர்போல் நுழைந்த ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். நுழைந்தவரோ கள்ள வாயில் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். 2024 மார்ச்சில், ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் துருவி, அதைக் கண்டுபிடித்தார். கள்ளம் நுழைந்தது, உழைப்பவனைத் தனியே விட்டதால். கள்ளம் பிடிபட்டது, எவரும் துருவிப் பார்க்கும்படி நிரல் திறந்திருந்ததால். இரு பாடங்களையும் மறத்தலாகாது.

நம்மிடையேயும் கொடுத்தே வாழ்ந்தோர் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதித் தமிழ் நூல்களை அனைவர்க்கும் பொதுவாக்கினர். அதிராம்பட்டினத்து உமர்தம்பி, 'தேனீ' எழுத்துருவையும் தமிழ்க் கருவிகளையும் ஆக்கி இலவயமாக அளித்துவிட்டு, 2006இல் மறைந்தார். விருத்தாசலத்திலிருந்து இரயிலில் செல்லும் தொலைவில், விழுப்புரத்தில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் கூடி, சிற்றூர் மாணவருக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகின்றனர். அந்த வகுப்பில் 'எந்தத் தெரு?' என்ற கேள்விக்கு இடமில்லை. 'எந்த வரியில் பிழை?' என்ற கேள்விக்கே இடம்.

செய்யவேண்டியது என்ன?

இன்று, கேட்டால் எந்திரமே நிரல் எழுதித் தருகிறது. 'இனிக் கற்பானேன்?' என்று வினவுவோர் பெருகுகின்றனர். அச்சு வார்க்கும் பொறி வந்துவிட்டது என்பதற்காகச் சூளையின் அறிவு வேண்டாம் என்று விருத்தாசலம் சொல்லவில்லை. கட்டை வெடித்தால் காரணம் அறிய ஆள் வேண்டும். எழுதித் தருவது எந்திரமேயாயினும், படித்துச் சரிபார்க்கும் மனிதன் இல்லையேல், நாம் மீண்டும் பூசாரியின் வாயை நோக்கி நிற்கும் பக்தராவோம். மந்திரம் மாறும், மடமை மாறாது.

ஆதலின் நிரல் எழுதும் இளைஞருக்குச் சொல்வோம். உங்கள் நிரலைப் பிறர் படிக்கும்படி எழுதுங்கள். நல்ல சூளைக்காரர் ஒவ்வொரு வேக்காட்டுக்கும் கலவை என்ன, வெப்பம் என்ன, எத்தனை மணி நேரம் என்று குறித்து வைப்பார். அதுபோல, எதை மாற்றினீர், ஏன் மாற்றினீர் என்று எழுதி வையுங்கள். டோர்வால்ட்ஸ் 2005இல் படைத்த 'கிட்' என்னும் கருவி அந்தக் குறிப்பேடுதானே! பொது அளவை மதியுங்கள், அளவு வகுக்கும் அவைக்குச் செல்லுங்கள், தமிழில் விளக்குங்கள். முதல் ஐயம் கேட்கும் பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதை மறவாதீர்கள்.

மைசன் கோட்டையின் மருமம் பத்தாண்டுகூடப் பூட்டுக்குள் நிற்கவில்லை. முதுகுன்றத்துக் கரும்பலகையில் எழுதியதோ, ஆண்டுதோறும் புதிய கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பூட்டியது கசிந்தது; கொடுத்தது பெருகிற்று. வழக்குக்குத் தீர்ப்பு இதுவே.